சீமைப் பம்பின் இரும்பு முளை

நான் லேத் வேலை பழகிய பட்டறையில், சீமையிலிருந்து வந்த தண்ணீர்ப் பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதே மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கோயமுத்தூருக்கு மின்சாரம் வந்த புதிது. முதலாளி அதுவரை பருத்திக்காட்டில் ஏர் ஓட்டியவர். பம்பின் எந்த உறுப்பைக் கையில் எடுத்தாலும், அது எதற்கென்று புரியாமல் கீழே வைக்கமாட்டார்.

ஒன்று மட்டும் அவருக்கும் பிடிபடவில்லை. பம்பின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு முளை நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடையும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

“எதுக்குன்னே தெரியலீங்க. இதை உட்டுப்போடலாமுங்க” என்றேன்.

“காரணமில்லாம அவன் வெச்சிருக்கமாட்டான் கண்ணு. தெரியற வரைக்கும் நாமளும் வெப்போம்” என்றார் முதலாளி.

துடியலூரில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் எங்கள் பம்பை வைத்து ஓட்டினோம். வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்ந்தது. தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் சோற்றுத் தூக்குப்போசியைக் கொண்டுவந்து அந்த முளையில் மாட்டினார்.

“ஏனுங்க, எறும்பு ஏறாம சோறு மாட்டறதுக்குக்கூட எடம் வெச்சிருக்கறீங்களே!” என்றார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பம்பின் அதிர்வில் தூக்குப்போசி மெல்ல நுனிக்கு நகர்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த பம்புல இந்த முளையைச் சுத்தி ஒரு பள்ளம் கடைஞ்சுபோடு கண்ணு. போசி நழுவுது” என்றார்.