ஞானமலர் வாங்கிய துவக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஞானமலரின் மகள். டெனிஷில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்தாள். "மாமா, அம்மா போயிட்டா. நித்திரையிலதான்." நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு அவள், "அந்தத் துவக்கை உங்களுக்கெண்டு எழுதி வைச்சிருக்கிறா" என்றாள்.

டென்மார்க்கில் ஒடென்சே நகரத்தில் ஞானமலரைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் துவக்கும் தெரியும்; துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். சபை ஒன்றுகூடல்களிலும் கலியாண வீடுகளிலும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் என் பக்கம் கையைக் காட்டி, "அண்ணைதான் பார்த்துத் தந்தவர்" என்பார். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன். அது முழுப்பொய். இத்தனை வருடம் அவர் எனக்காகக் காத்த பொய். இனி அதைக் காப்பதற்கு ஆளில்லை, ஆகவே உள்ளதை எழுதிவிடுகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை. இலங்கையில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்த ஞானமலர் இங்கே சிறு பித்தளைப் பாகங்களைத் தரம் பிரித்துத் தட்டில் அடுக்கினார். நான் பொதி கட்டும் பகுதியில். அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அழுத்தும் இயந்திரம் இருந்தது. அது நேரம் காலம் பார்க்காமல் இடிக்கும். இடித்த மாத்திரத்தில் ஞானமலர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குந்திவிடுவார். ஊரில் சண்டைக்குள் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களில் யாருக்குத்தான் கேட்கவேண்டியிருந்தது? இரண்டு முறை தட்டு விழுந்து, ஆயிரக்கணக்கான பாகங்கள் கலந்து, அரை நாள் வேலை கெட்டது. மூன்றாவது முறை விழுந்தால் வேறு இடம் பார்க்கும்படி எங்கள் மேற்பார்வையாளரான போர்மன் சொல்லிவிட்டார்.

இயந்திரத்தை ஓட்டியவர் நீல்ஸ் என்ற டெனிஷ்காரர், நெடுத்த, வாய் பேசாத மனிதர். போர்மன் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அவர் ஒவ்வொரு இடிக்கும் முன்பு கையை உயர்த்திக் காட்டத் தொடங்கினார். ஞானமலர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் நீல்ஸ் மார்ச் மாதம் வேறு பகுதிக்கு மாறவிருந்தார். அடுத்து வருகிறவன் கை காட்டுவான் என்று என்ன நிச்சயம்?

நீல்ஸ் சனிக்கிழமைகளில் ஒரு சூட்டுக் கழகத்துக்குப் போகிறவர். அங்கே பழைய முறைத் துவக்குகள்தான். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணித்துண்டில் ஈயக் குண்டைச் சுற்றிக் கோலால் குத்தி இறக்கிச் சுடுவது. நம் ஊரில் வன்னிப் பக்கம் இடியன் என்போமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். உணவு இடைவேளையில் அவர் அதைப் படம் போட்டுக் காட்டினார். ஞானமலர் நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அண்ணை, இதில ஒரு சத்தம் போட எத்தினை வேலை செய்யவேணும் பாருங்கோ. ஒவ்வொண்டையும் நான்தான் செய்யவேணும். சத்தம் வரமுதல் எனக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"நான் ஒண்டு வாங்கப்போறன்."

இந்தச் செய்தி பரவியதும் தமிழ் வீடுகளில் சிரிப்பான சிரிப்பு. துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவள் துவக்கு வாங்குகிறாளாம் என்றார்கள். நான் சிரிக்கவில்லை. "பிள்ளை, எங்கட அப்பு இடியன் வைச்சிருந்தவர். நான் அதோடதான் வளர்ந்தனான். நான் வந்து பார்த்துத் தாறன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அப்புவிடம் இடியன் இருந்தது உண்மை. அவர் அதைத் தூக்கிய போதெல்லாம் நான் வீட்டின் மறுபக்கம் நின்றதை மட்டும் சொல்லவில்லை.

கழகத்து அங்கத்தவர்கள் விற்க வைத்திருந்த மூன்று துவக்குகளை நீல்ஸ் ஒரு நீள மேசையில் கிடத்தினார். முதலாவது அழகி. தீக்கல்லால் நெருப்பெடுப்பது, பித்தளைச் சித்திர வேலை, வழுவழுப்பான மரம். நான் அதிலேயே ஒட்டிக்கொண்டேன். ஞானமலர் நீல்ஸிடம் கேட்டார், புதிதாகச் சுடுகிறவருக்கு இது எப்படி என்று. மழை ஈரத்தில் நெருப்பெடுக்காது, கல்லைச் சரியாகப் பூட்டவே ஒரு வருடம் பழகவேண்டும் என்றார் நீல்ஸ். "வடிவுக்கு வாங்கினா சுவரில மாட்டத்தான் சரி" என்று ஞானமலர் என்னிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இரண்டாவது மிக மலிவு. அவர் கைப்பையிலிருந்து சின்ன டோர்ச் ஒன்றை எடுத்தார். முதலில் கோலைக் குழலுக்குள் விட்டு, அது அடிவரை போகிறதா, உள்ளே பழைய மருந்து கிடக்கிறதா என்று நீல்ஸ் அளந்து காட்டினார். பிறகு ஞானமலர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். குழல் முழுக்கத் துரு தின்ற குழிகள். குழலின் பின்னாலுள்ள சிறு சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி விசையை மெல்ல அழுத்தினார். நிற்கவேண்டிய சுத்தியல் பொத்தென்று விழுந்தது. "இது சொல்லாமல் வெடிக்கிற ஆள். எனக்கு வேண்டாம்" என்றார். கச்சேரியில் புதுத் தட்டெழுத்து இயந்திரம் வந்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தே கையெழுத்து வைப்பாராம். இங்கேயும் அதே கண்.

மூன்றாவது ஸ்பெயினில் செய்த சாதாரணத் துவக்கு. நெருப்பெடுக்க ‘கேப்’ என்ற சின்னச் செப்புத் தொப்பியை வைத்து அடிப்பது. பிடிமரத்தில் ஒரு கீறல். குழல் உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது, பாதி இழுத்த சுத்தியல் அசையவில்லை. ஞானமலர் அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். மற்ற இரண்டும் நெடிய டெனிஷ்காரரின் கைக்குச் செய்தவை, இது மட்டும் அவருக்கு எட்டியது. இதன் குண்டும் கேப்பும் ஒடென்சேயிலேயே கிடைக்குமா, உடைந்தால் திருத்த ஆள் உண்டா என்று கேட்டார். உண்டு. விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது. "முதல் வாங்கிறது பெருமைக்கில்லை அண்ணை, பழகிறதுக்கு" என்றார். நான் கடைசிவரை அழகியின் பக்கம்தான் நின்றேன்.

கழகத்தின் கடிதம், காவல்துறை அனுமதி எல்லாம் வந்து சேர பெப்ரவரி ஆகிவிட்டது. முதல் சூட்டுக்கு முந்திய நாள் மாலை நான் அவர் வீட்டுக்குப் போய், துவக்கை எண்ணெய் போட்டுத் தயார் செய்வது என் பொறுப்பு என்றேன். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தலை அடுப்பருகில் உருக்கி, குழலுக்குள்ளும் நெருப்புப் போகும் துளைக்குள்ளும் தாராளமாக ஊற்றினேன். "அப்பு இதுதான் பூசிறவர்" என்றேன். அப்பு பூசியது வன்னி வெயிலில்.

மறுநாள் காலை சூட்டுத்திடலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. ஞானமலர் மருந்தை அளந்து கொட்டினார், குண்டை இறக்கினார், கேப்பை வைத்தார், குறி பார்த்தார், விசையை அழுத்தினார். டிக் என்று கேப் மட்டும் வெடித்தது. வேறொன்றும் இல்லை.

நீல்ஸ் குரலை உயர்த்தியது அன்று மட்டும்தான். "அசையாதே! குழலை இலக்கிலேயே வைத்திரு!" உள்ளே மருந்து புகைந்துகொண்டிருக்கலாம், எந்த நொடியிலும் வெடிக்கலாம். ஞானமலர் அப்படியே நின்றார். உலகத்தில் எதற்கு அவர் மிகவும் பயந்தாரோ, அதைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அது எப்போது வரும் என்று தெரியாமல் நின்றார். நீல்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். குழல் ஒரு நூல்கூட ஆடவில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும்? பிறகு நீல்ஸ் சொன்னார். நான் அந்த நேரம் கழகக் கட்டடத்துக்குப் பின்னால், இரு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன்.

காத்திருந்த பிறகு நீல்ஸ் மெல்லிய கம்பியால் துளையைக் குத்தினார். வெள்ளையாக உறைந்த தேங்காயெண்ணெய் புழு மாதிரி வெளியே வந்ததாம். துளைக்குள் கொஞ்சம் மருந்து, புதுக் கேப். அடுத்த முறை இடி முழங்கியது. கட்டடத்தின் பலகை அதிர்ந்தது. பிறகு புகை வாசத்தோடு ஞானமலர் வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் கரி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன.

"அண்ணை, வெளியில வாங்கோ. சத்தம் முடிஞ்சுது."

அவ்வளவுதான். வேறொரு வார்த்தை இல்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

மார்ச்சில் நீல்ஸ் மாறிப் போனார். புதியவன் கை காட்டவில்லை. முதல் இடிக்கு ஞானமலரின் தோள் குலுங்கியதை நான் பொதிப் பகுதியிலிருந்து பார்த்தேன். தட்டு கையில் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை அவர் வேலை செய்தார், மூன்றாவது தட்டு விழவே இல்லை. பயம் போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டேன். "போகேல்லை அண்ணை. இப்ப அது சொல்லிப்போட்டு வருது" என்றார்.

நானும் அந்தக் கழகத்தில் சேர்ந்தேன். வருடக்கணக்காகப் புள்ளி எழுதினேன், குடிக்கக் கோப்பி போட்டேன், கம்பி வளைத்துக் குழல் துடைத்தேன். எல்லோருக்கும் நான் துவக்கு அறிந்த மனிதன். ஒருமுறைகூட விசையை அழுத்தியதில்லை என்பது ஞானமலருக்கு மட்டும் தெரியும். என் முறை வரும்போதெல்லாம் அவர், "அண்ணைக்குத் தோள் நோகுது" என்று முந்திக்கொள்வார்.

உரிய அனுமதி கிடைத்து, மகள் துவக்கைக் கொண்டுவந்து தந்தபோது சுத்தியலில் ஒரு கடதாசி கட்டியிருந்தது. தட்டெழுத்து, ஒரு பிழையில்லை. "அண்ணை, தேங்காயெண்ணெய் வேண்டாம். ஆறுதலாச் செய்யுங்கோ."

போன சனிக்கிழமை காலை அதைச் சூட்டுத்திடலுக்குக் கொண்டு போனேன். மருந்து, துணி, குண்டு, கோல், கேப். ஒவ்வொன்றையும் ஆறுதலாகச் செய்தேன். அழுத்தினேன். இடித்தது. புகை கலையும்வரை நின்றுவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆகவே நானே சொல்லிக்கொண்டேன்: "சத்தம் முடிஞ்சுது, பிள்ளை."