கிரகணத்தன்று பூட்டிய சாப்பாட்டுக் கடை

சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு இரண்டே பயம்தான்: ஆள் வராவிட்டால் ஒன்று, வந்துவிட்டால் மற்றது. கல்முனையில் கடற்கரைக்குப் போகும் வீதியில் கடை வைத்திருக்கும் எனக்கு முதலாவது பழகிப்போய்விட்டது. இரண்டாவது, சூரிய கிரகணத்தோடு வந்து சேர்ந்தது. வடக்கில் மழை, கல்முனைப் பக்கம் வானம் வெளித்திருக்கும் என்று யாரோ முகநூலில் போட்டுவிட, திருகோணமலைக்குப் போக இருந்த சனமெல்லாம் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டது. கடை வைத்திருக்கும் சகபாடிகளே, உங்களுக்கு விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

வளையம் கேட்டவர்

முதல் நாள் பின்னேரமே கதிரையெல்லாம் நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: நாளைக்கு இங்கே சூரியனைச் சுற்றி நெருப்பு வளையம் முழுசாகத் தெரியுமா? எனக்கு அந்த வளையம் எது என்றே தெரியாது. தெரியாது என்று சொன்னால் எழும்பிப் போய்விடுவார்களோ என்று, "பாப்பமே, பாப்பமே" என்று பொதுவாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் கமரா தொங்கிய ஒருவர் மட்டும் விடவில்லை. கண்டியிலிருந்து வந்தவராம். இரண்டு கொத்து ரொட்டி சாப்பிட்ட பிறகும் அதையே கேட்டார். என் கடையில் ரொட்டி போடும் றமீஸ் பேப்பர் வாசிக்கிறவன். மாவை வீசியபடியே, தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னான்: "வளையமெல்லாம் வடக்காலதான் சேர். இங்க முக்காவாசி தின்ட ரொட்டி மாதிரித்தான் தெரியும்."

பதுளையிலிருந்து ஒரு அழைப்பு

அன்றிரவு ஒரு பெண் போன் எடுத்தார். பதுளையிலிருந்து முப்பது ஆசிரியர்கள் பஸ்ஸில் வருகிறார்களாம். காலை ஒன்பதரைக்கு எல்லோருக்கும் இடியப்பம் வேண்டுமாம். அவருடைய அப்பாவும் கூட வருகிறார், அவருக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மயங்கிவிடுவார்.

"நீங்க வாங்க மகள், சாப்பாடு என்ட பொறுப்பு" என்றேன். இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒன்று பிசகும். அது தெரிந்தும் சொன்னேன். அந்தப் பெண் சொன்னார்: "அப்ப உங்கள நம்பித்தான் நாளைக்கு ஊசி போடப் போறோம்."

சொதிக்குள் புல்

என் கடையில் சமைப்பவர் பாண்டிருப்பு சரசக்கா. கிரகண நேரத்தில் அவர் சமைக்கவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அதனால் விடியுமுன்பே வந்து இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் ஆக்கி முடித்தார். கிரகணம் சாப்பாட்டில் தீட்டாகப் படாதிருக்க, ஒவ்வொரு சட்டியிலும் ஒரு தர்ப்பைப் புல் போட்டார். சரியாக எட்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இந்து வாடிக்கையாளர்கள் அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழும்பினார்கள். கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் சாப்பாடு என்று சிலர் சொன்னார்கள். இப்பவே தா என்று சிலர் நின்றார்கள். யாருக்கு எப்போது எதைக் கொடுப்பது என்று எனக்குத் தலை சுற்றியது. அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து வந்த ஒரு ஹாஜியார் சொதிக்குள்ளிருந்து எதையோ இழுத்து உயர்த்திப் பிடித்தார்: "தம்பி, உங்கட ஊர்ல கறிக்குப் போடுற ரம்பை இலை இவ்வளவு மெல்லிசா?"

பத்து நிமிடத் தொழுகை

ஒன்பது மணிக்குப் பள்ளிவாசலில், வழமையான பாங்கு அழைப்பு இல்லாமல், கிரகணத் தொழுகைக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். சனமெல்லாம் கடற்கரையில். பஸ்ஸுக்கோ இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. இரண்டு ரக்அத்து, இரண்டு சுற்றுத் தொழுகைதானே, பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டேன். முன்னாலும் பின்னாலும் பூட்டிவிட்டு றமீஸோடு போனேன்.

மௌலவி ஓதத் தொடங்கினார். ஓதினார், ஓதிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகக் குனிந்து நிமிர்ந்தார். அடுத்தது ஸுஜூதுதானே என்று நானும் அரைவாசிப் பள்ளியும் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டோம். மேலே பார்த்தால் மற்ற அரைவாசி நிற்கிறது, மௌலவி மறுபடியும் ஓதுகிறார்! கிரகணத் தொழுகையில் ஒரு ரக்அத்துக்கு இரண்டு தரம் நின்று ஓதி, இரண்டு தரம் குனிய வேண்டுமாம். எப்போதாவது வருகிற தொழுகை, யாருக்கு ஞாபகம்? ஒவ்வொருவராகக் கள்ளமாக எழும்பி நின்றோம்.

அப்போதுதான் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் தரம் அதிர்ந்தபோது எனக்கு ஊசி ஞாபகம் வந்தது. தொழுகையை முறிப்பதா, ஒரு மனிதரை மயங்க விடுவதா? ஒன்றும் விளங்காமலே முறித்துக்கொண்டு வெளியே ஓடினேன். கால் இரண்டிலும் வேறு வேறு ஆட்களின் செருப்பு. வாசலில் கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடி போட்ட ஒரு பொடியன் மறித்துக் கேட்டான்: "அங்கிள், உள்ளுக்கு இருந்து பார்த்தா இன்னும் நல்லாத் தெரியுதா?"

உடைந்த பூட்டு

கடை முன்னால் பஸ் நின்றது. ஆட்கள் எல்லோரும் பின்பக்கம் நின்றார்கள். வளவைச் சுற்றிப் போனால், குசினிக் கதவின் பூட்டு உடைந்து கிடக்கிறது, பக்கத்தில் விறகு கொத்தும் கோடாலி. உள்ளே அடுப்பு எரிகிறது. வாங்கில் அமர்ந்து ஒரு வயசாளி சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்து முடித்து, நடுங்கும் கையால் இடியப்பத்தைப் பிய்க்கிறார். மகள் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே அழுகிறார். அடுப்படியில் சரசக்கா!

பஸ் கிடைக்காமல் திரும்பி வந்தவர், கிரகண வெயில் மேலே படாமல் விறகுக் கொட்டிலுக்குள் குந்தியிருந்தாராம். அந்தப் பெண் கதவில் அடித்துக் கத்தியது கேட்டு வெளியே வந்து, கோடாலியால் பூட்டை உடைத்திருக்கிறார். நான் வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன். கண் கலங்கிவிட்டது. "கிரகணத்தில அடுப்பு மூட்டிட்டீங்களே அக்கா" என்று மட்டும் கேட்டேன். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காத சரசக்கா காய்ந்த உதட்டோடு சொன்னார்: "கிரகணம் எனக்குத்தான் முதலாளி. அந்த மனிசன்ட பசிக்கு என்ன கிரகணம்?"

பின்னேரத் தீர்ப்பு

அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவியைத் தனியே பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். முறித்தது பாவமா, முறிக்காமல் நின்றிருந்தால் பாவமா என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவியபடி, அண்ணனுக்குத் தம்பி சொல்வதுபோலச் சொன்னார்: "தொழுகைய முறிச்சது சரி காக்கா. கடையப் பூட்டினதுதான் பிழை."

கிரகணத்தைப் பற்றி இன்றுவரைக்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கடைக்குப் புதுப் பூட்டு வாங்கியபோது இரண்டாவது சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில் மட்டும் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.