இரண்டு எழுபத்து மூன்று

என் கணவர் வங்கி அதிகாரி. பாதியில் நிற்கும் வேலையை அவரிடம் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடர்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால்தான் நூற்றிருபது துணிப்பைகளுக்கு எண் போடும் வேலையில் அவரையும் உட்கார வைத்தேன்.

நான் ஜியாலஜிஸ்ட். எங்கள் கம்பெனி அப்போது மேற்கு வங்காளத்தில் புருலியா பக்கம் செம்பு தேடிக்கொண்டிருந்தது. துளை போட வந்திருந்தது ரிவர்ஸ் சர்க்குலேஷன் ரிக். சாதாரண போர்வெல் வண்டியில் கல்தூள் குழாய்க்கு வெளியே, துளையின் சுவரை உரசிக்கொண்டு மேலே வரும். எந்தத் தூள் எந்த ஆழத்தது என்று சத்தியம் செய்ய முடியாது. இதில் குழாய்க்குள் குழாய். இரண்டுக்கும் நடுவே காற்று கீழே இறங்கும்; உடைந்த கல் உள்குழாய் வழியாக ஏறி, சைக்ளோன் என்கிற இரும்புக் கூம்பில் சுழன்று, அடியில் பிடித்திருக்கும் பையில் விழும். மீட்டருக்கு ஒரு பை, கட்டில் அடுக்கியிருக்கும் வரிசைப்படியே. பையின் மேல் உள்ள எண்தான் ஆழம்.

கல்கத்தாவில் எங்கள் ஜாதவ்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் எழுபத்து மூன்றை எழுதி முடித்தபோது குக்கர் விசில் அடித்தது. மை காயாத பையைக் கையில் பிடித்தபடியே போய் அடுப்பை அணைத்தேன். பையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு சாம்பாரைக் கவனித்தேன். கணவர் பைக்கட்டின் மேலே எழுபத்திரண்டைப் பார்த்தார். எழுபத்து மூன்றிலிருந்து தொடர்ந்து கடைசிவரை எழுதி முடித்தார். சாப்பிட்டு முடித்து, ஃபிரிட்ஜ் மேலிருந்ததை எழுபத்திரண்டுக்கு அடுத்து நான் செருகினேன். அதற்கடுத்த பையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கவனித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தப் பைகளை வைத்துப் பதினான்காவது துளை போட்ட அன்று எனக்குக் காய்ச்சல். நான் கல்கத்தாவில் படுத்திருந்தேன். பைகள் வேனில் அலுவலகத்துக்கு வந்தன. பிரித்துப் பார்த்தால் எழுபத்து மூன்று என்று இரண்டு பைகள். எங்கள் தொழிலில் சில மீட்டர்களுக்குச் சரிபார்ப்பதற்காக இரண்டாவது மாதிரி எடுப்பது வழக்கம். யாரோ பொறுப்பாக எடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரே மீட்டரின் இரண்டு மாதிரிகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இங்கே ஒன்று வெறும் சாம்பல் நிறக் கல். மற்றொன்றில் செம்புக் கனிமம் மஞ்சளாக மின்னியது. போதாததற்குக் கடைசிப் பையில் நூற்றொன்று என்றிருந்தது. ரிக்கை ஓட்டும் டிரில்லர் எழுதிய தாளிலோ நூற்றிரண்டு மீட்டர்.

அறிக்கையில் நான் இரண்டு வரி எழுதினேன். டிரில்லர் சைக்ளோனைச் சுத்தம் செய்யாததால் வேறு ஆழத்துக் கல் கலந்துவிட்டது. டிரில்லர் போடாத ஒரு மீட்டரைப் போட்டதாகக் காட்டியிருக்கிறார். மேலாளர் அதைக் கடிதமாக்கி, டிரில்லரின் பெயரோடு திருச்செங்கோட்டில் இருக்கும் ரிக் முதலாளிக்கு அனுப்பினார்.

நான்காம் நாள் டிரில்லரே அலுவலகத்துக்கு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் கடிதத்தின் நகல்.

"அம்மிணி, பதினேழு ராடு எறக்குனனுங்க. ராடு ஆறு மீட்டரு. நூத்திரெண்டு தானுங்களே? ராடுக்கு ராடு சைக்ளோனை நானே ஊதி உட்டனுங்க. மொதலாளி, நீ கெளம்பி வா, வேற ஆளை அனுப்பறேங்கறாரு. இருவது வருசமா அந்த வண்டிதானுங்க எனக்கு."

பதினேழை ஆறால் பெருக்க எனக்கும் தெரியும். அறிக்கை எழுதும்போது அதைச் செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவரை மாதிரிகள் வைத்திருக்கும் அறைக்கு அழைத்துப் போனேன், என் பக்கம்தான் நியாயம் என்று காட்டுவதற்காக.

அவர் இரண்டு பைகளையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். கல்லை அல்ல, எண்ணை.

"இந்த ஏழுக்கு நடுவால ஒரு கோடு போட்டிருக்குதுங்க. இதுல இல்லீங்களே."

பிறகு வரிசையைப் பார்த்தார். எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு எல்லாவற்றிலும் கோடு. இரண்டாவது எழுபத்து மூன்றுக்குப் பிறகு எந்த ஏழிலும் கோடில்லை. "எழுதுனது ரெண்டு கைங்க" என்றார்.

ஏழுக்குக் கோடு போடுவது நான். போடாதது என் கணவர். அது ஒரே மீட்டரின் இரண்டு மாதிரி அல்ல. அடுத்தடுத்த இரண்டு மீட்டர். செம்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மனிதர் துல்லியமாகப் பிரித்து எடுத்துக் கொடுத்ததைத்தான் நான் அழுக்கு என்று எழுதியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மேலாளரிடம் சொல்ல வேண்டுமே என்று பயமாக இருந்தது. முதலில் டிரில்லருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரு அரை மணி போயிற்று.

மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. உடனே இன்னொரு கடிதம் அடிக்கச் சொன்னார். பைகளுக்கு எண்ணிடும்போது பிழை ஏற்பட்டுவிட்டது, வருந்துகிறோம், முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தின்படி பிழை தானாகவே ஏற்பட்டிருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

டிரில்லர் அதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். ஆங்கிலம் படிக்க வராது. பெயர்களை மட்டும் அடையாளம் தெரியும்.

"அதுல என்ற பேரு இருந்துச்சுங்க. இதுல யாரு பேரையும் காணமே."

"என் தப்புதான்" என்றேன்.

"எனக்குத் தெரியுதுங்க. மொதலாளிக்குத் தெரியோணுமல்லங்க?"

போனைப் போட்டு என்னிடம் நீட்டினார். முதலாளியிடம் குக்கர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் சொன்னேன். கல்கத்தாவில் வளர்ந்த என் தமிழில் அது இன்னும் அசட்டுத்தனமாகக் கேட்டது. முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"செரிங்க. அவன் வண்டியிலயே இருக்கட்டும். மொதல் கடுதாசிக்கு ரிப்போர்ட்டு எழுதுனது யாருங்க?"

"அதுவும் நான்தாங்க."

"அவன் தப்புன்னு நெனச்சதுக்கு எனக்குக் கடுதாசி போட்டீங்க. உங்க தப்புக்கு உங்க பேரோட யாருக்குங்க போட்டீங்க?"

யாருக்கும் போடவில்லை என்றேன்.