ஞானசீலனுக்கு வந்தது மூலம் அல்ல

சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார் ஞானசீலன். பட்டாசு லேபிள், கேலண்டர், மருந்து டப்பாச் சீட்டு என்று எது மிஷினில் ஏறுவதானாலும் முதலில் அவர் மேஜைக்கு வரவேண்டும். ஒரு கொம்பு, ஒரு கால் விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஐம்பத்தைந்தாம் வருஷத் தீபாவளி சீசனில், ‘வெடி’ என்பது ‘வடி’ என்று அச்சேறாமல் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான்.

அவர் மனைவி இசபெல், பிரசவ வார்டில் நர்ஸ். ஊரில் பாதிப் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்தவர். மனித உடம்பில் அவர் பார்க்காத அசிங்கம் கிடையாது. அப்படிப்பட்டவரிடம்தான், மலத்தோடு ரத்தம் போவதை எட்டு மாதம் மறைத்தார் ஞானசீலன்.

அவருடைய கணக்குப்படி அது மூலம். ஆதாரமும் இருந்தது. விருதுநகர் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் மூல லேகியத்துக்கு லேபிள் அடித்தது அவருடைய அச்சகம்தான். ‘ரத்தப்போக்கு, கடுப்பு, எரிச்சல், அனைத்தும் நாற்பது நாளில் குணம்’ என்ற வரியை நான்கு முறை அவரே திருத்தியிருந்தார். அதில் ஒரு பிழைகூட இல்லை. பிழையில்லாத அச்சு பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உள்ளூரில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விருதுநகர் போய் வாங்கி வந்து, பைபிளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சாப்பிட்டார். நாற்பது நாள், இன்னொரு நாற்பது நாள், இன்னொன்று. அவர் இளைத்துக்கொண்டே போனார். ரத்தம் மட்டும் குறையவில்லை.

பிடிபட்டது வேட்டியால். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத மனுஷன், தன் வேட்டியைத் தானே அலசிக் கொடியில் போட்டார். இசபெல் அன்று வேலைக்குப் போகவில்லை.

“என்னத்தை மறைக்கீக?”

“ஒண்ணுமில்ல. மூலம்.”

“எம்புட்டு நாளா?”

அவர் பைபிளை நகர்த்தினார். பின்னால் ஒன்பது காலி டப்பாக்கள் இருந்தன. இசபெல் எண்ணிப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் துணிகளை அடுக்கினார்.

மதுரையில் அவரைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். மகள் எப்சிபாவைவிட நாலைந்து வயதுதான் மூப்பு இருக்கும். எந்த வெட்கத்துக்குப் பயந்து எட்டு மாதம் ஓடினாரோ, அது கையுறை போட்ட ஒரு விரலில் இரண்டே நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. டாக்டர் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இசபெலைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு வேலூருக்கு ஒரு கடிதம் தந்தார்.

“வெறும் கட்டிதான். அங்கன நல்லா அறுத்து எடுத்துருவாகளாம்” என்றார் இசபெல். பிரசவ வார்டில் தினமும் தைரியம் சொல்லிப் பழகிய குரல் அது. அதனாலேயே ஞானசீலன் நம்பவில்லை.

விழுப்புரத்தில் வண்டி மாறக் காத்திருந்தபோது, இசபெல் காபி வாங்கப் போனார். ஞானசீலன் டாக்டர் தந்த கடித உறையைப் பிரித்தார். டைப் அடித்த இங்கிலீஷ். மலக்குடலில் புற்றுநோய் என்றிருந்தது. அந்த நோயின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததையும் கவனித்தார். சட்டைப்பையில் இருந்த பென்சில் தானாக வெளியே வந்தது. விளிம்பில் குறி போட்டு, விட்ட எழுத்தை எழுதி, மடித்து உறைக்குள் வைத்தார்.

காபி வந்தது. “கட்டிதான, சரியாப் போயிரும்” என்று அவர் மனைவிக்குத் தைரியம் சொன்னார். “ஆமா” என்று இசபெல் கணவனுக்குத் தைரியம் சொன்னார். இரண்டு பேரும் இரண்டு நாள் இப்படியே ஒருவரையொருவர் காப்பாற்றினார்கள்.

வேலூரில் பெரிய டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை யார் திருத்தினது?”

இசபெல் எட்டிப் பார்த்தார். கணவன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? டாக்டர் முன்னாலேயே கணவன் தோளில் ஓர் அடி வைத்தார்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் காபி குடிச்சீகளா?”

“நீ தெரிஞ்சுக்கிட்டேதான வாங்கியாந்த?” என்றார் ஞானசீலன். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள். டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அறுவை ஐந்து மணி நேரம். கீழ்வாசலை அடைத்துவிட்டு, அடிவயிற்றின் இடப்பக்கம் குடலுக்குப் புதிதாக ஒரு வாய் வைத்தார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான். முதல் தடவை பார்த்ததும் ஞானசீலன் கண்ணை மூடிக்கொண்டார். “என்னையக் கொன்னே போட்டிருக்கலாம்” என்றார்.

“மொதல்ல கண்ணைத் திறந்து பாருங்க. நாளைக்கு நீங்கதான் கழுவணும்” என்றார் இசபெல்.

ஊர் திரும்பியபின் வீட்டு நடைமுறையே மாறியது. தினமும் காலையில் குடலைக் கழுவ எனிமா டப்பாவும் ரப்பர் குழாயுமாக ஒரு மணி நேரம். எப்சிபா பழைய சேலைகளைக் கிழித்துப் பஞ்சு வைத்துத் தைத்து, வயிற்றைச் சுற்றிக் கட்ட வார் போட்டுக் கொடுத்தாள். பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது வயிற்று வாய் சத்தமாகக் குறுக்கிட்டதால், ஞானசீலன் கோயிலில் கடைசி பெஞ்சுக்கு மாறினார். அச்சகத்தில், புரூஃப் அறையின் அமைதியை வேண்டாம் என்று சொல்லி மிஷின் ஹாலில் மேஜை கேட்டு வாங்கினார். அந்த இரைச்சலில் எந்தச் சத்தமும் எடுபடாது. இரைச்சலில் கவனம் சிதறாமல் வேலை செய்கிறார் என்று முதலாளி எல்லோரிடமும் அவரைப் புகழ்ந்தார்.

அறுபத்திரண்டில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். லேபிளில் ஒரு திருத்தம் என்றார். பக்கத்தில் ஆள் இல்லாதபோது குனிந்தார்.

“ஒமக்கு மொதல்ல எப்படிவே இருந்துச்சு?”

அண்ணாச்சிக்கும் ரத்தம் போகிறது என்று ஞானசீலனுக்குப் புரிந்துவிட்டது. “லேகியம் சாப்பிட்டுப் பாத்தீகளா, அண்ணாச்சி?”

“ஏம்வே, அதைப் போயி நான் சாப்பிடுவனா?”

ஒன்பது டப்பா சாப்பிட்டவர் சிரிக்கவில்லை. இசபெலிடம் அழைத்துப்போய், அந்த மதுரை டாக்டரிடமே அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்ததில் அண்ணாச்சிக்கு இருந்தது அசல் மூலம். சந்தோஷத்தில் பழக்கூடையோடு திரும்பி வந்தார். ஞானசீலன் பழத்தை எடுக்காமல், லேபிளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘ரத்தம் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டவும்.’ அண்ணாச்சி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, போடும். எழுத்து மட்டும் பொடிசா இருக்கட்டும்.”

எப்சிபாவின் கல்யாணத்தில் ஞானசீலன் மூன்று மணி நேரம் நின்றபடியே விருந்தாளிகளை வரவேற்றார். அறுபத்தேழில் நோய் ஈரலுக்குப் போனது. இந்த முறை டாக்டர் கடிதம் எழுதி உறையில் போட எதுவும் இல்லை. மஞ்சள் கண்ணோடு, “ஆப்பரேசன் பண்ணி ஒம்பது வருசம் ஆச்சு, இல்ல?” என்று கேட்டார். “ஆச்சு” என்றார் இசபெல். ஆடி மாதத்தில் ஞானசீலன் இறந்தார்.

இசபெல் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு வெளிநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். தலைவலி என்று வந்த ஆண்களிடமும் “வெளிக்கிப் போறப்ப ரத்தம் வருதா?” என்று வரிசையில் நிற்கும்போதே கேட்டார். பாதிப் பேர் தலைவலியோடு வீட்டுக்கு ஓடிப்போனார்கள். கூட்டம் குறைந்துவிட்டது என்று கம்பவுண்டர் புகார் எழுதினார். நிற்கிறவர்கள் நிற்கட்டும் என்று இசபெல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.