உப்புப் போட்ட காளான்

போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த இரண்டாயிரத்தேழில் நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மரங்களைக் கொல்லும் பூஞ்சைகளை நாங்கள் வளர்த்துக் கொடுத்தால், அவற்றின் மரபணுத் தொடரை முழுதாக வாசித்துத் தர வெளிநாட்டில் ஒரு குழு ஒத்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் எங்கள் வீட்டு வளவுத் தென்னை ஒன்றின் அடியில் அப்படியொரு காளான் தட்டுத் தட்டாக முளைத்திருந்தது. ஒரு துண்டு வெட்டி, பழுதாகாமல் அனுப்பும்படி அங்கிருந்த அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

மூன்று கிழமை கழித்துக் கப்பலில் வந்த ஒருவர் பொதியைத் தந்தார். பிரித்ததும் கருவாடு மணத்தது.

"ஓமடா, உப்புப் போட்டு நாலு நாள் வெயிலில காயவைச்சனான்," என்றாள் அக்கா, தொலைபேசியில் கேட்டபோது. "மீனே பழுதாகாது, இது பழுதாகுமே?"

உயிரோடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழுதாகாமல் என்றால் உப்புத்தான் என்பது மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஆனாலும் அவளைத்தான் ஏசினேன். அந்தத் துண்டை வளர்ப்புத் தட்டுகளில் வைத்து ஒரு மாதம் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. வெட்கத்தை விட்டுவிட்டு மறுபடியும் தொலைபேசி எடுத்து இன்னொரு துண்டு கேட்டேன்.

"மரம் இல்லையடா," என்றாள். "காவலரண் போடத் தென்னையெல்லாம் தறிக்க ஆமிக்காரர் வந்தவங்கள். நீ ஏசினதை நினைச்சு, அந்த ஒரு மரத்தை மட்டும் விடுங்கோ எண்டு கெஞ்சினனான். கீழ ஏதோ ஆயுதம் தாட்டு வைச்சிருக்கிறமெண்டு சந்தேகப்பட்டு, முதல்ல அதைத்தான் தறிச்சவங்கள். வேரடியையும் கிண்டிப் பாத்தவங்கள்."