கணக்கெடுப்பில் காணாமல் போன தாத்தா

தொண்ணூறுகளில், எங்கள் குடும்ப வரலாற்றை எழுத ஆசைப்பட்டு, மைசூரில் ஓர் அலுவலகத்தில் பழைய வீட்டுக் கணக்கெடுப்புத் தாள்களைத் தேடினேன். மண்டி மொஹல்லாவில் நாங்கள் இருந்த வீடு கிடைத்தது. பாட்டியின் பெயர் இருந்தது. ஆனால் தாத்தா குழந்தைவேலுவைக் காணோம். அவர் இருக்கவேண்டிய இடத்தில் கன்னடத்தில் ‘கூசு’ என்றிருந்தது. கைக்குழந்தையைத்தான் அங்கே கூசு என்பார்கள்.

தாத்தா வீட்டைவிட்டுப் போயிருந்தாரா? யார் இந்தக் குழந்தை? ஒன்றும் புரியாமல், அப்பாவின் அக்காவிடம் போய், “அத்தை, உங்களுக்கு முன்னாடி ஒரு குழந்தை பிறந்து இறந்துபோச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

அத்தையின் கண் கலங்கிவிட்டது. “எங்கம்மா எங்கிட்டகூட மறைச்சுட்டாளா? அதுக்கு என்ன வயசு போட்டிருக்கு?”

எழுதிவந்த காகிதத்தைப் பார்த்தேன். “முப்பத்திரண்டு.”

இருவரும் விழித்தோம். அத்தைதான் முதலில் சிரித்தார். “அய்யோ, அது எங்கப்பாடா! அம்மா புருஷன் பேரைச் சொல்லமாட்டா. பக்கத்து வீட்டுல யாராவது ‘குழந்தை’ன்னு கூப்பிடற பேரைச் சொல்லியிருப்பாங்க. கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட மேஷ்ட்ரு அதைக் கன்னடத்துல கூசுன்னு எழுதிட்டாரு!”

இப்போதெல்லாம் பழைய தாள்களில் வயதையும் உறவையும் பார்த்த பிறகே பெயரை நம்புகிறேன். அதற்கும் பிறகுதான் பெரியவர்களிடம் வாயைத் திறக்கிறேன்.