தடவிப் பார்க்காத துணி

பில்லியர்ட்ஸ் மேசைக்குத் துணி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இது அவரே சொல்வதுதான், ஆனாலும் பொய்யில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒரே ஒரு சுத்தியலோடு தொழிலுக்கு வந்து, நாற்பது வருஷத்தில் எத்தனையோ மேசைகளுக்குப் பச்சைத் துணி போர்த்திவிட்டார். எல்லாருக்கும் அவர் மேசைக்காரர்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் விளையாட்டுக் கூடத்து மேலாளர் ஆளனுப்பி வரவழைத்து, ஆடுகிறவர்கள் முன்னால் நிற்கவைத்தான். மறுநாள் போட்டி. போன வாரம் அவர் துணி மாற்றிய மேசையில், மெல்ல உருட்டினால் பந்து ஜன்னல் பக்கம் விலகுகிறதாம். துணிக்கு அடியில் இருக்கும் பலகைக்கல் சாய்ந்துவிட்டதாம். கைபேசியை வைத்தே மட்டம் பார்த்துவிட்டானாம். இனிமேல் கூடத்தின் எட்டு மேசை வேலையும் வேறு கம்பெனிக்காம்.

“வயசாச்சு பெரியவரே. வீட்ல ஓய்வா இருங்களேன்.”

மேசைக்காரருக்கு உள்ளங்காலில் பிடித்த தீ உச்சிக்கு ஏறியது. ரசமட்டத்தை வைத்து அரைநாள் மண்டிபோட்டு நிறுத்திய கல் அது. இவன் பிறக்கும் முன்பே கல் தூக்கிய தோள் இது.

வெள்ளைப் பந்தை எடுத்தார். ஆட்டம் தொடங்குகிற, கோடு போட்ட தலைப்பக்கமிருந்து மெதுவாக உருட்டினார். பந்து தயங்கித் தயங்கிப் போய், கடைசியில் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. மேலாளர் சிரித்தான். மேசைக்காரர் மறுகோடிக்குப் போய் அங்கிருந்து உருட்டினார். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

“கல்லு சாஞ்சிருந்தா ரெண்டு தடவையும் ஜன்னலுக்குத்தானே போகணும்? படிச்சவர்தானே, சொல்லுங்க.”

சிரிப்பு நின்றது. ஜெயித்துவிட்டார். ஜெயித்த கையோடு மேசையை மறுபடி பார்த்தார். தலைப்பக்கமிருந்து போகிற பந்துதானே நேராகப் போக வேண்டும்? இந்தத் துணிக்குப் பூனை மாதிரி ரோமம் உண்டு; அது தலைப்பக்கமிருந்து மறுகோடிக்குப் படிந்திருக்க வேண்டும். ரோமம் படிந்த திசையில் பந்து வழுக்கி ஓடும்; எதிர்த்துப் போனால் உரசும், வேகம் செத்ததும் விலகும். புறங்கையால் துணியைத் தடவினார். சொரசொரவென்று முட்டியது.

துணி முனை மாறி, தலைகீழாகக் கிடந்தது.

சுருளின் வெளிமுனை எப்போதும் தலைப்பக்கம்தான் வரும். அதனால் தடவிப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டி வேலை என்று பீற்றிக்கொள்வார். இந்தச் சுருளைக் கடைக்காரன் யாருக்கோ விரித்துக் காட்டிவிட்டு, மறுமுனையிலிருந்து சுருட்டி வைத்திருக்க வேண்டும்.

உதவிக்குக் கூட வந்திருந்த அவர் மனைவியின் தம்பிக்கும் புரிந்துவிட்டது. காதோரம் வந்து, “கூட்டித் துடைக்கிறவங்க எதிர்ப்பக்கமா பிரஷ் போட்டுட்டாங்கன்னு சொல்லிடலாம் அத்தான்,” என்றான்.

அவனை அவர் பார்த்த பார்வையில் துணியே பொசுங்கியிருக்கும். கோபம் இப்போது மேலாளர்மேல் இல்லை. தன் கைமேல்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தடவியிருந்தால் போதும்.

“இங்க பாருங்க,” என்றார் மேலாளரிடம். “கல்லு நான் வச்சது, சரியா இருக்கு. துணி நான் போட்டது, தப்பா இருக்கு. ரெண்டையும் சொல்ல இங்க எனக்கு மட்டும்தான் தெரியும். உங்க கம்பெனிக்காரன் வந்திருந்தா நல்ல கல்லைப் பேத்திருப்பான்.”

மேலாளர் வாயைத் திறக்குமுன் மேசைக்காரர் சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து முதல் ஆணியைப் பிடுங்கிவிட்டார்.

“சும்மா நிக்காதீங்க. அந்த முனையப் பிடிங்க. விடியறதுக்குள்ள இல்ல, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிப்பேன்.”

மேலாளர் பிடித்தான். திருப்பிப் போடும் முன் மேசைக்காரர் துணியைத் தடவினார். மூன்று தடவை, எல்லாரும் பார்க்க.